ஆட்சேபணை இல்லை

அந்தக் கட்டடத்துக்குத் தெருப்பக்கம் ஜன்னலே வைக்கவில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பழவேற்காடு பஜாரிலிருந்து படகுத்துறைக்குப் போகும் தெருவில் பதினான்கு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம், தலையணை உறை, எது வந்தாலும் தைப்பேன். என் கடைக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற பழைய ஓட்டுக் கடை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டு மகனோடு மீஞ்சூருக்குப் போய்விட்டார். வாங்கியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஓட்டைப் பிரித்தார்கள். அடுத்த வாரம் கடைக்கால் எடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சின்ன மண்டபம் கட்டினால்கூட மூன்று வருஷம் இழுக்கும். இது மழைக்கு முன்னால் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஊரே அப்போது மாறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்னையிலிருந்து வரிசையாகக் கார்கள் வரும். நண்டு எங்கே கிடைக்கும், படகு சவாரி எங்கே என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். ஏரிப்பக்கத்து மனைகளில் கல் நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். ஏரித் தீவான பசியாவரத்துக்குப் பாலம் போடுவதற்காக ஏரிக்குள் தூண்கள் நின்றன. ஜனங்கள் அப்போதும் படகில்தான் வந்துபோனார்கள். எது புதிதாக எழும்பினாலும் அது யாருக்காக எழும்புகிறது என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வந்திருந்தது.

என் கடைக்குத் தினமும் மதியம் ஒருத்தி வருவாள். பசியாவரத்துக்காரி. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். விடிந்ததும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள்; எங்கள் பேச்சில் எறா. இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போட்டுக்கொள்வாள். எறாவை பஜாரில் விற்றுவிட்டு, படகு வரும்வரை என் கடையில் உட்கார்ந்து விரல் வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொண்டு பேசுவாள். அவள் புருஷன் குடிப்பவன். சரக்கு விற்கும் கடை எட்டத்தில் இருந்ததால் அவனால் தினமும் போகமுடியாது. அவளுக்கு இருந்த நிம்மதி அந்தத் தூரம்தான்.

"ஐஸ் கம்பெனின்றாங்க. ஐஸ் கம்பெனிக்கு எதுக்குக்கா வரிசையா ஆறு வாஷ்பேசின்?" என்றாள் ஒருநாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஓட்டலா இருக்கும்."

"ஓட்டலுக்கு ஜன்னல் வேணாவா?"

கொத்தனாரைக் கேட்டேன். "ப்ளான்ல இன்னா கீதோ அத்த கட்றோம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கலவையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கூரை போட்ட பிறகுதான் அந்த ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, காலில் சேறு படாத செருப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு என் கடைக்குள் வந்தார். எங்கள் பஜாரில் யாரும் எந்தக் கடைக்கும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"சிஸ்டர், நான்தான் பக்கத்து எடம். கடல் உணவு ஓட்டல் வெக்கப் போறோம். குடும்பத்தோட வர்றவங்களுக்கு."

சுவரில் மாதா படம் மாட்டியிருந்ததைப் பார்த்துத்தான் சிஸ்டர் என்று கூப்பிட்டார் என்று எனக்குப் பட்டது. திரைச்சீலை தைக்கவேண்டும் என்றார். துணியையும் அவரே கொண்டுவந்திருந்தார். கெட்டியான துணி, கறுப்போடு சேர்ந்த சிவப்பு நிறம். அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தார். ஆறடிக்கு ஐந்தடி, இருபது சீலை.

"இவ்ளோ இருட்டா இருக்கே சார், ஓட்டலுக்கா?"

"தடுப்பு தடுப்பா பிரிக்கிறோம் சிஸ்டர். பொம்பளைங்க கூச்சப்படாம உக்காந்து சாப்பிடணும் பாருங்க."

பெண்கள் கூச்சப்படாமல் சாப்பிட ஏன் இருட்டு வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திரைச்சீலைகளைத் தைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் கையெழுத்து விஷயம் நடந்தது. என் கடைக்குப் பின்னால் ஒரு திறந்த கால்வாய் ஓடும். ஒவ்வொரு ஐப்பசியிலும் அது நிரம்பிக் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். துணிகளையெல்லாம் தூக்கி மிஷின் மேல் அடுக்கிவைத்துவிட்டு, தண்ணீரில் நின்றுகொண்டே வாளியால் மொண்டு கொட்டுவேன். வாடகைக் கடை, யாரிடம் போய்ச் சொல்வது? அவர் அதைக் கவனித்திருந்தார்.

"நான் எப்படியும் பைப் போடறேன் சிஸ்டர். உங்க பின்பக்கமும் சேத்து மூடிக் குடுத்துடறேன். பக்கத்துக் கடைக்காரங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும் போதும்."

இரண்டு தாள்களை என் மிஷின் மேல் வைத்தார். முதல் தாளைப் படித்தேன். கால்வாய் மூடுவது பற்றித்தான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தாள் டைப் அடித்தது. "அதே மாதிரிதான், ஆபீசுக்கு ஒண்ணு" என்றார். முதல் வரியில் கால்வாய் என்ற வார்த்தை இல்லை. அது என் கண்ணில் பட்டது. கீழே 'ஆட்சேபணை' என்ற வார்த்தையும் பட்டது. அவர் தாளை மடிக்கவில்லை, கையால் மறைக்கவும் இல்லை. படிக்க நேரம் இருந்தது. ஐப்பசி வர இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கால்வாயைச் சொன்னபடியே மூடிக்கொடுத்தார். அந்த வருஷம் என் கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மழை ஓய்ந்ததும் போர்டு மாட்டினார்கள். திறப்பு விழாவரை யாரும் பார்க்கக் கூடாது என்று சாக்குப்பை போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒருநாள் அடித்த வாடைக்காற்றில் சாக்கு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. பசியாவரத்துக்காரி துறையிலிருந்து வந்தவள் நடுத்தெருவில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ம... ன... மகிழ் மன்றம். இன்னாக்கா இது? யாரு மனசு மகிழ்றதுக்கு?"

எதிரில் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பெரியவர் விளக்கிச் சொன்னார். கிளப் என்று பதிவு செய்வார்களாம். கேரம், சீட்டு, பேப்பர் படிக்க என்று எழுதிக் கொடுப்பார்களாம். அப்புறம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சொல்லி உள்ளே சரக்கு ஊற்ற லைசென்ஸ் வாங்குவார்களாம். "பாருதான்மா. பேருதான் வேற" என்றார்.

அவள் திரும்பிப் படகுத்துறையைப் பார்த்தாள். அந்த இடம் படகுத்துறைக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பசியாவரத்திலிருந்து வரும் எந்த ஆணும் எந்தப் பெண்ணும் அதைத் தாண்டாமல் எங்கேயும் போகமுடியாது. "இனிமே அந்தாளு பஸ்ஸே ஏற வாணாம். படகவுட்டு எறங்கினா போதும்" என்றாள்.

மறுநாள் மதியம் என் கடை நிறையப் பெண்கள். நண்டுக்காரிகள், கருவாடு விற்பவர்கள், லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து இரண்டு பேர், மாதா கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடுகிறவர்கள். கலெக்டருக்கு மனு கொடுப்பது என்று முடிவானது.

"நீதான்க்கா எழுதணும். உனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வரும்" என்றாள் பசியாவரத்துக்காரி.

எழுதினேன். 'எங்கள் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடமாடும் தெருவில்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது அந்த இரண்டாவது தாள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். மனுவிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

மூன்று வாரம் கழித்துப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். புயல் பாதுகாப்பு மையத்துக் கூடத்தில் நாற்காலி போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் அதே பணிவோடு நின்றார். நாங்கள் நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். பசியாவரத்துக்காரி எழுந்து நின்று குரல் நடுங்காமல் பேசினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"சார், ஜனங்களுக்கு விருப்பம் இல்லாம நான் எதுவும் செய்யல" என்றார் அவர். "அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. ஃபைல்லயே இருக்கு."

"பொய்யி! எவன் எழுதிக் குடுத்தான்?" என்றாள் அவள்.

அதிகாரி தாளைப் புரட்டினார். சத்தமாகப் படித்தார். 'மேற்படி இடத்தில் மனமகிழ் மன்றம் நடத்துவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' அப்புறம் பெயரைப் படித்தார்.

யாரும் உடனே திரும்பவில்லை. பெயர் காதில் விழுந்து, புரிந்து, பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அதிகாரி எங்கள் மனுவையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே கையெழுத்துதான் இருக்கு. எதும்மா நெசம்?"

நான் எழுந்து நின்றேன். "ஏமாத்தி வாங்கிட்டாரு சார்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

வெள்ளைச் சட்டைக்காரர் கோபப்படவில்லை. "சிஸ்டர் படிச்சவங்க சார். என் கண்ணு முன்னாடிதான் படிச்சாங்க. உள்ள தொங்குற திரைச்சீலை எல்லாம் அவங்க தெச்சதுதான்" என்றார்.

அதற்குமேல் யார் என்ன பேசினார்கள் என்று என் நினைவில் இல்லை. பசியாவரத்துக்காரி மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் கழுத்துக்குப் பின்னால் வெயிலில் கறுத்த இடம்தான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து கடைக்கு ஆட்கள் வந்தார்கள், தைக்கக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிப்போக. "அவசரம் இல்லக்கா, துணிய குடு, அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்றாள் ஒருத்தி. "பொண்ணு பொன்னேரில குடுக்கலாம்னு சொல்றா" என்றாள் இன்னொருத்தி. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள் தூண் ஓரமாகத் தள்ளி நின்றாள். கடையில் நான் தனியாக உட்கார்ந்து, தெருவில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் என்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். அவரும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"இன்னா குடுத்தான் அந்தாளு?"

"நீயுமாய்யா?"

"ஊர்ல கேக்குறாங்க. நான் இன்னா சொல்றது?"

"ஒண்ணும் குடுக்கல. கால்வாய மூடிக் குடுத்தான்."

அவர் சாப்பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். சொல்லும்போதுதான் அது எனக்கே கேட்டது. ஒன்றும் வாங்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் படகேறிப் பசியாவரம் போனேன். அவள் வீட்டில் இல்லை. ஊருக்குப் பின்னால், கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரிக்குள் நின்றிருந்தாள். பறியைக் கவ்வியபடி தண்ணீரில் குனிந்திருந்தாள். நான் கரைச் சேற்றில் நின்று கூப்பிட்டேன். தலை தூக்கினாள். வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் அங்கிருந்தே கத்திச் சொல்லவேண்டியதாயிற்று. இரண்டு தாள், கால்வாய், படிக்காமல் போட்டது, மனு எழுதும்போது வாயை மூடிக்கொண்டது. தள்ளி எறா தடவிக்கொண்டிருந்த மற்ற பெண்களுக்கும் கேட்டிருக்கும்.

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"போடும்போதே தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா சந்தேகம் இருந்துச்சு."

"அன்னிக்கு ஆபீசருகிட்ட ஏமாத்திட்டான்னு சொன்ன?"

"அது பாதிதான் நெசம்."

அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். பறியைத் திரும்பவும் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள். பறி வாயில் இருக்கும்போது பேசமுடியாது. நான் அடுத்த படகில் திரும்பினேன்.

அந்த வாரமே பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய், தாலுகா ஆபீசில் என் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். முதலில் எழுதியதில் ஏமாற்றப்பட்டேன் என்று இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, 'முழுமையாகப் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு' என்று எழுதினேன். வாங்கிக்கொண்ட பெண் ஊழியர் படித்துவிட்டு, "இப்படி எழுதினா உங்களுக்குத்தானேம்மா அசிங்கம்?" என்றாள். சீல் வைத்து நகல் கொடுத்தாள்.

அந்த நகலை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அதையும் வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லித்தான் எழுதினேன் என்பார்களோ என்று தோன்றியது. எப்படியோ செய்தி போய்ச் சேர்ந்தது. பெண்கள் மூன்று நாள் துறைத் தெருவில் மறியலாக உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பு கைமாறி என்னிடமும் வந்தது.

லைசென்ஸ் இரண்டு மாதம் தள்ளிப்போனது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தோம். அப்புறம் துறைத் தெருப் பக்கம் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பின்தெருவில் புது வாசல் வைத்தார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பு இல்லை, மீன் பெட்டிக் கிடங்குகள்தான். அதைக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். ஒரு ஞாயிறு மதியம் வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டுத் திறந்தார்கள். வெளியூர்க் கார்கள் நின்றன. என் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளாஸ் சத்தமும் சிரிப்பும் கேட்டது. நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

முதல் மாதம் உள்ளூர் ஆட்களை உள்ளே விடவில்லை. உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் ஆண்கள் அதற்கும் கோபப்பட்டார்கள். பிறகு அட்டை சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்தது. விலை கட்டுப்படியாகாததால் பாதிப் பேர் பழைய கடைக்கே போனார்கள். பசியாவரத்துக்காரியின் புருஷனும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் குடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிடங்குத் தெருவில் வேலை செய்யும் பெண்கள் மட்டும் மாலையில் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் நூல் வாங்கப் போனவள் குறுக்கு வழி என்று பின்தெருவில் திரும்பினேன். மன்றத்துச் சமையலறை வாசலில் பசியாவரத்துக்காரி நின்றிருந்தாள். ஒரு ஆள் அவள் பறியிலிருந்து எறாவைத் தட்டில் கொட்டி எடைபோட்டுக்கொண்டிருந்தான். பஜார் வியாபாரிகள் கையால் பிடித்த எறாவைப் பொடிசு என்று விலையைக் குறைப்பார்கள், இவர்கள் உயிரோடு இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்வதாக எனக்கும் தெரிந்திருந்தது. நான் சட்டென்று பின்வாங்கிவிட்டேன். அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று ஒரு ஜாக்கெட் துணியை மிஷின் மேல் வைத்தாள். பச்சைப் பட்டு.

"வெள்ளிக்கிழமைக்கு வேணும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"பொண்ணு வந்தாத்தான் அளவு எடுக்கமுடியும்."

"பழசு கொணாந்துக்கிறேன்." பையிலிருந்து எடுத்து வைத்தாள். பிறகு தெருவைப் பார்த்தபடி கேட்டாள். "அன்னிக்கு நீ பின்தெருல வந்தியா?"

"வந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வது உண்மையா என்று தேடினாள் என்பது தெரிந்தது. நானும் அவளைப் பார்த்தேன். இவள் துணி கொண்டுவந்தது என்னை மன்னித்ததாலா, என் வாயைக் கட்டவா என்று என் மனசும் தேடிக்கொண்டிருந்தது. 

"முதுகுல கயிறு வெக்கணுமா?" என்றேன்.

"வெய்யி. மணி வாணாம். அவளுக்குப் புடிக்காது."

டேப்பை எடுத்துப் பழைய ஜாக்கெட்டை விரித்து அளந்தேன். தோள், கை, இடுப்பு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். படகு வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவள் உட்காரவில்லை.